அடுத்த மருந்து வரும் வரை

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்கும் தொலைவிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டால் அதை வேரோடு நீக்க முடிவதில்லை. ஆனால் அடக்கி வைக்க முடிகிறது, பலருக்குப் பல ஆண்டுகள். அதற்கான வழியை 1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். விரைகளை அகற்றியோ பெண் ஹார்மோன் கொடுத்தோ டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் எலும்புக்குப் பரவிய நோயும் பின்வாங்குகிறது என்பது அவர்கள் கண்டது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அறுவைக்குப் பதிலாக மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடும் ஹார்மோன் ஊசி அதே வேலையைச் செய்கிறது.

ஊசி என்றைக்குமாகப் பலன் தருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்கும்போதே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு, அதாவது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு, ஏறத் தொடங்கும். புற்றுசெல்கள் ஹார்மோனை உணரும் ஏற்பிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும், அல்லது தமக்கு வேண்டிய ஹார்மோனைத் தாமே தயாரிக்கப் பழகியிருக்கும். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு 2004க்கு முன் ஆயுளை நீட்டும் மருந்து எதுவும் இல்லை. அந்த ஆண்டில் டோசிடாக்செல் வந்தது. 2010இல் கபாசிடாக்செல், 2011இல் அபிராட்டிரோன், 2012இல் என்சலூட்டமைடு, 2013இல் ரேடியம்-223, 2022இல் லுட்டீசியம் என்று வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் புதிதாக ஒன்றும் சேர்ந்தது: ஒரு மருந்து கைவிட்டு அடுத்தது கைக்கு வரும் வரையிலான இடைவெளி. ஸ்கேன் தேதி, காப்பீட்டு ஒப்புதல், கீமோவில் சரிந்த ரத்த அணுக்கள் மீள்வது, மருந்து ஆய்வில் இடம் கிடைப்பது என்று வாரங்கள் கழியும். சில நேரம் மாதங்கள்.

இந்த இடைவெளியில் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் பார்ப்பவர் துணைவர். பெரும்பாலும் மனைவி, ஆணாகவும் இருக்கலாம். வீட்டில் அவர் செய்வதை அன்பு, பணிவிடை என்ற கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அதில் கணிசமான பகுதி மருத்துவ வேலை.

காத்திருப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு லுட்டீசியமே நல்ல எடுத்துக்காட்டு. புராஸ்டேட் புற்றுசெல்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்று ஜெர்மனியின் ஹைடல்பர்கில் வடிவமைக்கப்பட்டது. அதன் மறுமுனையில் லுட்டீசியம்-177 அணுவைப் பிணைத்து நரம்பில் ஏற்றினால், உடலில் நோய் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நின்று பீட்டா கதிர்களை வெளியிடுகிறது. அந்தக் கதிர்கள் திசுவுக்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. 831 பேர் பங்கேற்ற ‘விஷன்’ ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.3 மாதம், லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். மறு ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது.

கிடங்கில் அடுக்கி வைக்கக்கூடிய மருந்தல்ல இது. லுட்டீசியம்-177இன் அரை ஆயுள் சுமார் 6.6 நாள். தயாரித்த ஐந்து நாளுக்குள் நோயாளியின் உடலில் ஏற்றியாக வேண்டும்; அதற்குள்ளாகவே கதிரியக்கத்தில் பத்தில் நான்கு பங்கு தீர்ந்துவிடும். ஒவ்வொரு குப்பியும் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக, குறிப்பிட்ட நாளுக்காகத் தயாராகிறது. தொடக்கத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனம் இத்தாலியின் இவ்ரேயாவிலிருந்து இதை அனுப்பியது. 2022 மே மாதம் தரக் குறைபாடு காரணமாக உற்பத்தி சில வாரங்கள் நின்றது. 2023 தொடக்கத்தில் தேவை உற்பத்தியை மிஞ்சியது. சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களுக்கே முதலிடம் என்றாகி, அமெரிக்காவில் புதிய நோயாளிகள் காத்திருக்க நேர்ந்தது. உற்பத்தி விரிவடைந்த பிறகே நிலைமை சீரானது. இந்தியாவின் கதை வேறு. டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 தயாராகிறது. அதைக் கொண்டு இங்குள்ள அணு மருத்துவத் துறைகள் அமெரிக்க அனுமதிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தச் சிகிச்சையைச் செய்துவருகின்றன. இங்கே காத்திருப்பு பெரும்பாலும் பணத்துக்காக, படுக்கைக்காக, பயணத்துக்காக.

காத்திருக்கும் காலத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஹார்மோன் ஊசியின் தேதி. பி.எஸ்.ஏ. ஏறிவிட்டதே, இனி இந்த ஊசி எதற்கு என்று நினைப்பது இயல்பு. ஆனால் நோய் ஊசியை மீறிய பிறகும் எல்லாச் செல்களும் ஒரே அளவில் மீறிவிடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் ஏறினால் அடங்கிக் கிடக்கும் செல்களுக்கும் தீனி கிடைக்கும். அதனால்தான் புதிய மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே ஊசியோடு சேர்த்துத் தரப்படுகின்றன. பல மருத்துவமனைகளுக்கு அலையும் காலத்தில் ஒரு தவணை தவறிப்போவது எளிது. எந்த மருத்துவமனையும் அதைத் தன் பொறுப்பாக நினைக்காது.

அடுத்தது எலும்பு. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் விரும்பித் தேடுவதற்கு ஒரு விளக்கத்தை 1940இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் தந்தார். இடுப்புக்குழியின் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தச் சிரைகளில் வால்வு இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் ரத்தம் இடுப்பிலிருந்து முதுகெலும்பை நோக்கித் திரும்புகிறது. முழு விளக்கம் இதுவல்ல, எலும்பு மஜ்ஜையின் வேதிச் சூழலும் இந்தச் செல்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. இந்த நோய் எலும்பை அரிப்பதைவிட ஒழுங்கற்ற புதிய எலும்பை அள்ளிப் போடுவதே அதிகம். எக்ஸ்ரேயில் அது அடர்த்தியாக, வெண்மையாகத் தெரியும். ஆனால் வலுவற்றது. ஹார்மோன் ஊசி தன் பங்குக்கு உடலின் மற்ற எலும்புகளையும் மெலிய வைக்கிறது.

முதுகெலும்பில் வளரும் கட்டியோ நொறுங்கிய எலும்போ தண்டுவடத்தை அழுத்துவதுதான் இந்தக் காலத்தின் பெரிய ஆபத்து. புற்றுநோயில் அவசரம் என்று சொல்லத்தக்க நிலைகள் சிலவே; இது அவற்றில் ஒன்று. அது அறிவிப்பில்லாமல் வருவதில்லை. புதிதாக ஒரு முதுகுவலி, அல்லது பழைய வலியின் குணம் மாறுவது, மார்பையோ வயிற்றையோ பட்டை போட்டு இறுக்குவது போன்ற வலி, படுத்தால் கூடுவது, தும்மினால் இருமினால் சுள்ளென்று பிடிப்பது ஆகியவை முன்னால் வரும். பிறகு கால் கனக்கும். படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவார். காலிலிருந்து செருப்பு நழுவியதே தெரியாமல் நடப்பார். சிறுநீர் கழிக்க நேரமாகும். ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகும். நோயாளி இதை வயது என்பார், களைப்பு என்பார். நேற்று எப்படி நடந்தார், இன்று எப்படி நடக்கிறார் என்று ஒப்பிடக்கூடியவர் உடனிருப்பவர் மட்டும்தான்.

இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பது, உடனே ஸ்டீராய்டு தொடங்குவது, பிறகு கதிர்வீச்சோ அறுவையோ என்பது நடைமுறை. 2005இல் ராய் பாட்செலும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பல வகைப் புற்றுநோய்களால் தண்டுவடம் அழுந்தியவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தபோது 57 சதவீதம் பேரால் நடக்க முடிந்தது. அறுவையும் சேர்த்துச் செய்தபோது 84 சதவீதம். ஆனால் எந்த ஆய்வை எடுத்தாலும், சிகிச்சைக்குப் பின் நடப்பாரா என்பதை அதிகம் தீர்மானிப்பது சிகிச்சை தொடங்கிய நாளில் நடந்தாரா என்பதே. நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்து போகிறார்கள். கால் விழுந்து ஒரு நாள் கடந்தவர்களில் மீள்பவர்கள் குறைவு.

எலும்பைக் காக்க சொலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தரப்படுவதுண்டு. இவற்றைத் தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஆடும் பல்லையும் சொத்தைப் பல்லையும் முன்கூட்டியே கவனித்துவிட வேண்டும். காத்திருக்கும் வாரங்களில் செய்து முடிக்கக்கூடிய உருப்படியான வேலைகளில் இது ஒன்று. பெரும்பாலும் மறக்கப்படுவதும் இதுதான்.

சிறுநீரகம் இன்னொரு கவலை. லுட்டீசியம் மருந்து சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் ஓரளவாவது நன்றாக இருந்தால்தான் அதைத் தர முடியும். வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நாள்கணக்கில் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து, எந்தச் சிகிச்சைக்காகக் காத்திருக்கிறார்களோ அதன் கதவையே சாத்திவிடக்கூடும். சிறுநீர் திடீரெனக் குறைவது, விலாவுக்குக் கீழே வலிப்பது, கால் வீங்குவது ஆகியவை கட்டி சிறுநீர்க்குழாயை அடைப்பதன் அடையாளமாக இருக்கலாம். கீமோ முடிந்த வாரங்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய செய்திதான்.

வலிக்கு மார்ஃபின் எழுதிக்கொடுத்தால் பல வீடுகளில் அது கடைசிக் கட்டத்தின் மருந்து என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சரியான அளவில் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. நிச்சயமாக அது செய்வது மலச்சிக்கல். அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே போக வேண்டும். இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதற்கு நெடுங்காலம் தடையாக இருந்த போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. ஆனாலும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது என்று சொல்வதற்கில்லை.

காத்திருக்கும் வீட்டுக்கு ஆலோசனைகள் தேடி வரும். உறவினர் ஒருவர் லேகியம் கொண்டு வருவார், இன்னொருவர் கைப்பேசியில் காணொளி அனுப்புவார். இங்கே ‘பி.சி.-ஸ்பெஸ்’ கதை நினைவில் இருக்க வேண்டியது. 1990களில் கலிஃபோர்னிய நிறுவனம் ஒன்று சீன மூலிகைக் கலவை என்று விற்ற மாத்திரை அது. சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. உண்மையாகவே இறங்கியது, மருத்துவர்களும் ஆர்வம் காட்டினார்கள். பரிசோதித்தபோது அதில் செயற்கைப் பெண் ஹார்மோனான டைஎத்தில்ஸ்டில்பெஸ்டிராலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும், வலிமருந்தான இண்டோமெத்தசினும் கலந்திருப்பது தெரிந்தது. 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. என்சலூட்டமைடு போன்ற மருந்துகள் கல்லீரலில் மற்ற மருந்துகளின் சிதைவை மாற்றக்கூடியவை. வீட்டில் என்ன கொடுக்கப்படுகிறது என்ற முழுப் பட்டியல், லேகியமும் சேர்த்து, மருத்துவர் கையில் இருப்பது நல்லது. திட்டுவாரோ என்று மறைக்கும் பட்டியலில்தான் ஆபத்து இருக்கும்.

குறிப்பெழுதுவதன் மதிப்பை நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் நடத்திய ஆய்வு எண்ணாகவே காட்டியது. பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்றுவந்த 766 பேரில் ஒரு பகுதியினர் தம் அறிகுறிகளைக் கணினியில் தொடர்ந்து பதிவுசெய்தார்கள். ஏதாவது மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். 2017இல் வெளியான முடிவின்படி வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 26 மாதம், பதிவுசெய்தவர்களுக்கு 31.2 மாதம். லுட்டீசியம் தந்த கூடுதல் நான்கு மாதத்தோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. நோயும் ஆட்களும் வேறு. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு இணையான ஏற்பாடு இவ்வளவு செய்கிறது என்பது யோசிக்க வைக்கிறது. அங்கே எழுதியவர்கள் நோயாளிகளே. களைத்துப்போனவர்களுக்கு அந்த வேலையைத் துணைவர் செய்யலாம்: வலி எங்கே, பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரைக்குப் பின் எத்தனை மணி நேரம் அடங்கியது, மலம் கழித்தது, எடை, தூக்கம். “கொஞ்ச நாளாகவே சரியில்லை, டாக்டர்” என்பதைவிட “பத்து நாளாக ராத்திரி இரண்டு மணிக்கு இடது இடுப்பு வலியில் எழுந்துகொள்கிறார்” என்பது மருத்துவருக்கு உதவும்.

ஹார்மோன் ஊசி உடலில் செய்வதை இருவரும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவது போலவே திடீர் வெப்பமும் வியர்வையும் வரும். நள்ளிரவில் போர்வை நனையும். தசை கரைந்து கொழுப்பு கூடும். பாலுணர்வு விருப்பமே இல்லாமல் போகும், விறைப்பும் போகும். அழாதவர் தொலைக்காட்சியைப் பார்த்துக் கண்கலங்குவார். சிறு விஷயத்துக்கு எரிந்து விழுவார். இதெல்லாம் ஊசியின் வேலை என்று முன்கூட்டியே சொல்லப்படாத வீடுகளில், தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று மனைவியும், தான் ஆணாகவே இல்லை என்று கணவரும் தனித்தனியே முடிவுக்கு வருகிறார்கள். நம் மருத்துவமனை அறைகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் எடுக்கப்படுவதேயில்லை. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது யார் கேட்பார்கள்? வெப்ப அலைகளுக்கு மருந்து உண்டு. சோர்வுக்கு உடற்பயிற்சியே மருந்து: கனடாவில் 155 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி 12 வாரத்தில் களைப்பைக் குறைத்தது. எலும்பில் நோய் இருப்பவர்களுக்கு எந்த அசைவு கூடாது என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

நோயாளிக்குத் தெரியாமல் துணைவர் கவலையை மறைப்பதும், துணைவருக்குத் தெரியாமல் நோயாளி வலியை மறைப்பதும் ஆராய்ச்சியில் தனியாகவே கவனிக்கப்பட்டவை. ஜேம்ஸ் காயினும் டேவிட் ஸ்மித்தும் 1991இல் மாரடைப்பு வந்தவர்களின் மனைவியரிடம் இதை ஆராய்ந்தார்கள். மறைப்பவரின் மனவேதனை கூடுவதையே கண்டார்கள். புற்றுநோய்க் குடும்பங்களிலும் பின்னர் இதே போக்கு தெரிந்தது. எல்லாவற்றையும் எல்லா நேரமும் பேசித் தீர்க்க வேண்டும் என்பதல்ல. வலியை மட்டுமாவது மறைக்காமல் சொல்வது என்று ஓர் ஒப்பந்தம் இருந்தால் மேலே சொன்ன தண்டுவட ஆபத்துக்கே அது காவல்.

துணைவரின் உடல்நலமும் இந்தக் கணக்கில் வருகிறது. ரிச்சர்ட் ஷூல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வாழ்க்கைத்துணையைக் கவனித்து அதனால் மன அழுத்தமும் அடைந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த எண் பரவலாக எடுத்தாளப்படுகிறது, பெரும்பாலும் அரைகுறையாக. அதே ஆய்வில், கவனித்தும் அழுத்தம் அடையாதவர்களிடம் இந்த உயர்வு காணப்படவில்லை. டேவிட் ராத் குழுவின் 2013 ஆய்வில் கவனிப்பாளர்களின் இறப்பு வீதம் மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. கெடுப்பது கவனிப்பு அல்ல. தூக்கமில்லாமல், மாற்று ஆள் இல்லாமல், தன் சர்க்கரை மாத்திரையை மறந்து கவனிப்பது. மகனோ தங்கையோ வாரத்தில் இரண்டு இரவு வந்து படுத்துக்கொள்வது சலுகை அல்ல, சிகிச்சைத் திட்டத்தின் பகுதி.

காத்திருப்பு மனதை என்ன செய்கிறது என்று கேட் ஸ்வீனி கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தார். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்கள் கவலையைக் குறைக்கச் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஓரளவு உதவியவற்றில் ஒன்று தன்னை மறக்க வைக்கும் வேலையில் மூழ்குவது. தேர்வும் புற்றுநோயும் ஒன்றல்ல. ஆனால் கவலைப்படாதே என்று சொல்வதால் கவலை குறைவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

நம்பிக்கையின் வேகத்தை விஷன் ஆய்வே காட்டியது. அதில் யாருக்கு லுட்டீசியம், யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் முறை முடிவுசெய்தது. முடிவு நோயாளிக்கும் தெரியும். தொடக்க காலத்தில் லுட்டீசியம் கிடைக்காத பக்கம் விழுந்தவர்களில் 56 சதவீதம் பேர் ஆய்வை விட்டே விலகினார்கள். மையங்களில் விளக்கிச் சொல்லும் ஏற்பாடுகளுக்குப் பிறகே அது வெகுவாகக் குறைந்தது. ஒரே மருந்தின் மேல் எல்லாவற்றையும் கட்டிவிட்ட குடும்பத்துக்கு அது இல்லையென்றால் வேறு எதுவுமே கண்ணில் படாது. மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டியது, இது கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பது. வலிக்கிற ஓரிரு எலும்புகளுக்குக் கதிர்வீச்சு, கபாசிடாக்செல், ரேடியம் ஆகியவை இடைக்காலத்தில் வாய்ப்பாகலாம்.

மரபணுப் பரிசோதனையும் இந்த வாரங்களில் முடியக்கூடியது. 2016இல் வெளியான ஆய்வில், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 692 ஆண்களில் 11.8 சதவீதம் பேருக்கு டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தது. அவற்றில் அதிகம் காணப்பட்டது பி.ஆர்.சி.ஏ.2. அப்படிப்பட்டவர்களுக்கு ஒலாபாரிப் போன்ற மாத்திரைகள் பலன் தரலாம். அதே குறை மகளுக்கு வந்திருந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். சோதனை முடிவு ஒருவருடையது, செய்தி குடும்பத்துக்கு.

நோய்த்தணிப்பு மருத்துவரைச் சந்திப்பதும் இந்தக் காத்திருப்பிலேயே செய்யக்கூடியது. ஜெனிஃபர் டெமெல் 2010இல் பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் செய்த ஆய்வில், தொடக்கத்திலேயே அந்தக் கவனிப்பைப் பெற்றவர்கள் மேலான வாழ்க்கைத் தரத்தோடு 11.6 மாதமும் மற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் நீளவில்லை. வலியும் மனச்சோர்வும் குறைவது பலவற்றில் தெரிந்தது.

லுட்டீசியம் ஏற்றும் நாள் வந்தபின் துணைவரின் வேலை சில நாளுக்கு விலகி இருப்பது. அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி வீட்டிலுள்ளவர்கள் இரண்டு நாள் மூன்றடிக்குள் நெருங்கியிருப்பதைக் குறைக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஏழு நாள். மூன்று இரவு தனி அறையில் தூக்கம், கர்ப்பிணி வீட்டில் இருந்தால் 15 இரவு. உடலுறவு ஏழு நாள் கூடாது. நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிப்பது கதிரியக்கத்தை விரைவில் வெளியேற்றும். உட்கார்ந்து கழிப்பதும், இரு முறை தண்ணீர் ஊற்றுவதும், துணிகளைத் தனியே துவைப்பதும் வழக்கமான அறிவுரை. விதிகள் நாட்டுக்கு நாடு சற்று மாறும். உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இந்த மருந்து சேர்வதால் பத்தில் நாலு பேருக்கு வாய் உலரும். சாதம் குழைய வேண்டும், காரம் குறைய வேண்டும், தண்ணீர்க் குவளை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆறு வாரத்துக்கு ஒன்றாக அதிகபட்சம் ஆறு தவணை. ஒவ்வொன்றுக்கும் முன் ரத்த அணுக்களும் சிறுநீரகமும் பரிசோதிக்கப்படும். தட்டணுக்கள் சரிந்திருந்தால் தவணை தள்ளிப்போகும். விஷன் ஆய்வில் 46 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. பாதிக்குக் கீழ் இறங்கியது. மற்றவர்களில் சிலருக்கு நோய் அப்படியே நின்றது, சிலருக்கு முன்னேறியது. முதல் இரண்டு மூன்று தவணைக்குள் ஸ்கேனில் புதிய இடங்கள் தெரிந்தால் மீதியை நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பது வழக்கம். அதனால் அடுத்த மருந்து எது என்ற கேள்வியை இரண்டாம் தவணையின்போதே மருத்துவரிடம் எடுத்துவிடலாம்.